சாம்பல் தோலுக்குக் கீழே

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளையின் வீட்டுக்கு முதல்முறை போகும் நம் ஊர்ப் பெரியவர்கள், பெட்டியை இறக்கி வைத்ததும் செய்யும் காரியம் ஒன்று உண்டு. விரலை மடக்கிச் சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள். டொக், டொக் என்று உள்ளீடற்ற சத்தம் வரும். "என்னடா, அட்டைப் பெட்டியிலயா குடியிருக்கே?" என்பார்கள். பிள்ளை கட்டும் மாதத் தவணையைக் கேட்டால் இன்னொரு முறை தட்டிப் பார்ப்பார்கள்.

அட்டைப் பெட்டி என்பது கொஞ்சம் மிகை. ஆனால் சுவர் என்றால் செங்கல், கலவை, பூச்சு என்று பழகிய கைக்கு அந்த வீடு விளங்கச் சற்று நேரம் பிடிக்கும். அது மரச் சட்டங்களால் ஆன ஒரு கூடு. கூட்டின் உட்பக்கம் ஜிப்சம் அட்டை. வெளிப்பக்கம் கூட்டோடு அறைந்த ஒரு பலகை அடுக்கு. அதற்கு மேல் ஒரு காகிதம். கடைசியாக, மழையையும் வெயிலையும் முகத்தில் வாங்குவதற்கென்றே இன்னொரு மேலுறை. அதற்குத்தான் சைடிங் என்று பெயர். நம் ஓட்டு வீட்டின் ஓடுகளைக் கழற்றிச் செங்குத்தாகச் சுவரில் அடுக்கினால் எப்படியிருக்கும்? சைடிங் அதே வேலையைத்தான் செய்கிறது. மேல் பலகையின் கீழ் விளிம்பு கீழ்ப் பலகையின் மேல் ஏறி நிற்கும். தண்ணீர் படியிறங்குவதுபோல் வழிந்து தரைக்குப் போகும்.

பாஸ்டனைச் சுற்றியுள்ள நியூ இங்கிலாந்து மாநிலங்களில் நூறு, நூற்றைம்பது வயதான வீடுகள் தெருவுக்குத் தெரு நிற்கின்றன. டெடம் என்ற ஊரில் ஃபேர்பேங்க்ஸ் குடும்பத்தார் கட்டிய மரச்சட்ட வீடு 1637-க்கும் 1641-க்கும் இடைப்பட்டது. மதுரையில் திருமலை நாயக்கர் ஆண்ட காலம். அட்டைப் பெட்டி அவ்வளவு நாள் தாங்குமா?

அப்படிப்பட்ட பழைய வீடொன்றில் சைடிங்கை மாற்றுவது வெங்காயம் உரிப்பது போன்ற வேலை. மேலே வினைல் இருக்கும். அது 1950-களின் கடைசியில் சந்தைக்கு வந்த பிளாஸ்டிக். அதை உரித்தால் சில வீடுகளில் அலுமினியத் தகடு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வீடு வீடாக ஏறி இந்தத் தகட்டை விற்றவர்களின் தில்லுமுல்லுகளை வைத்து 1987-இல் 'டின் மென்' என்று ஒரு சினிமாவே எடுத்தார்கள். அதற்கும் கீழே, வீட்டுக்காரரின் ஜாதகம் சரியில்லையென்றால், கல்நார்ச் சிமெண்டு ஓடுகள். அவை இருந்தால் வேலையை நிறுத்திவிட்டு அதற்கென்று பயிற்சி பெற்றவர்களைக் கூப்பிட வேண்டும். எல்லாவற்றுக்கும் அடியில்தான் முதல் முகம் இருக்கும்: கிளாப்போர்டு என்று அழைக்கப்படும் மரப்பலகை வரிசை. பெயிண்ட் வெடித்து, சாம்பல் பூத்து, இனி விறகுக்குத்தான் என்று சொல்லும்படியான கோலத்தில்.

பெரும்பாலும் அப்படியேதான் சொல்லிவிடுகிறார்கள். வாசலில் ஒரு பெரிய இரும்புத் தொட்டி வந்து நிற்கும், பலகைகள் அதில் விழும், மண்ணில் புதைக்கப் போகும். கட்டுமானம், இடிப்பு வேலைகளிலிருந்து மட்டும் 2018-இல் அந்நாட்டில் சேர்ந்த கழிவு 60 கோடி டன். வீட்டுக் குப்பை, கடைக் குப்பை எல்லாம் சேர்ந்த நகரக் கழிவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

தொட்டிக்குள் எறியும் முன் ஒரு பலகையை எடுத்து, பெயிண்ட் உதிர்ந்து பல்லாண்டு வெயிலில் நின்ற ஓரிடத்தைப் பார்ப்போம். சாம்பல் நிறம். நகத்தால் கீறினால் பஞ்சுபோல் நார் எழும்பும். மரம் முழுக்க இற்றுவிட்டது என்று கண் சொல்கிறது. ஆனால் கண் பார்ப்பது தோலை மட்டும். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் மரத்துக்குள் எவ்வளவு தூரம் போகும்? அதிகபட்சம் 75 மைக்ரான். ஏறத்தாழ ஒரு தலைமுடியின் தடிமன். கண்ணுக்குத் தெரியும் ஒளி இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். அதுவும் 200 மைக்ரானோடு, அதாவது இரண்டு காகிதத் தாள் கனத்தோடு நின்றுவிடும்.

அந்த மெல்லிய படலத்தில் நடப்பது இது. மரம் என்பது செல்லுலோஸ் நார்களை லிக்னின் என்ற பிசின் பிடித்துக் கட்டியிருக்கும் ஒரு பொருள். ஊசியிலை மரங்களில் கால் பங்குக்கும் மேல் லிக்னின்தான். புற ஊதாக் கதிரை ஆவலோடு உறிஞ்சிக்கொண்டு சிதைந்து போவது இந்தப் பிசின். சிதைந்ததை மழை கழுவிப் போகிறது. கட்டு அவிழ்ந்த வெள்ளை நார் மட்டும் மேலே மிஞ்சுகிறது. அதன்மேல் கருநிறப் பூஞ்சை நுண்ணியதாகக் குடியேறுகிறது. வெள்ளையும் கறுப்பும் கலந்தால் சாம்பல். நார் மெல்ல உதிர, அடுத்த அடுக்கு வெயிலுக்கு வரும். பெயிண்டே அடிக்காமல் விட்ட ஊசியிலை மரம் இப்படித் தேயும் வேகம் நூறு ஆண்டுக்குச் சுமார் 6 மில்லிமீட்டர். கால் அங்குலம்தான்! நம்மில் பலர் பல்லைக் காப்பாற்றும் லட்சணத்தை நினைத்தால் இது கெட்டிக்காரத்தனமான தேய்மானம்.

அதனால்தான் பழம் பலகையில் இழைப்புளி ஓடும் முதல் நிமிடம் அப்படியொரு வேடிக்கை. முதல் சுருள் சாம்பலாக வரும். இரண்டாவது மங்கலான பழுப்பில். மூன்றாவது சுருள் தேன் நிறத்தில் நீளமாகச் சுருண்டு விழும். கூடவே பைன் பிசின் வாசனை எழும். நூறு வருஷத்துக்கு முன் வெட்டிய மரத்தின் வாசனை, நேற்று அறுத்ததுபோல.

சரி, உள்ளே நன்றாகவே இருக்கட்டும். கடையில் புதுப் பலகை கிடைக்கும்போது ஏன் இந்தப் பாடு என்று கேட்கலாம். அதற்குப் பலகையின் வெட்டு முனையைப் பார்க்க வேண்டும். பழைய பைனில் ஓர் அங்குலத்துக்குள் இருபது, முப்பது ஆண்டு வளையங்கள்கூட நெருங்கிக் கிடக்கும். இன்றைய தோட்டத்து மரத்தில் அதே அங்குலத்தில் ஐந்தாறு இருந்தாலே அதிகம். பழைய மரம் ஆதிக் காட்டில், பெரிய மரங்களின் நிழலில், வெளிச்சத்துக்கு ஏங்கி ஏங்கி அங்குலம் அங்குலமாக வளர்ந்தது. இன்றைய மரம் இடைவெளி விட்டு நட்டது. வெயிலில் ஊதிப் பெருத்து, முப்பது நாற்பது வயதில் வெட்டுக்குப் போகிறது.

வளைய நெருக்கத்தைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. அதற்கு நம் தச்சர்கள் வைத்திருக்கும் பெயர் வைரம். வயதான மரம் தன் நடுப்பகுதியில் தண்ணீர் ஏற்றுவதை நிறுத்திவிடும். நிறுத்தும்போது அங்கே பூஞ்சைக்கும் பூச்சிக்கும் ஆகாத வேதிப்பொருள்களை நிரப்பிவிட்டுப் போகும். தேக்கில் கறையான் வாய் வைக்கத் தயங்குவது இதனால்தான். அமெரிக்க மேற்குக் கரையின் செஞ்சிடார் மரத்தில் துஜாப்ளிசின் என்ற பொருள் இதே வேலையைச் செய்கிறது. அதே மரத்தில் உள்ள பிளிகாட்டிக் அமிலம் அறுவை ஆலைத் தொழிலாளர்களுக்கு ஆஸ்துமாவையும் கொடுத்துவிடுகிறது என்பது அந்தப் பாதுகாப்பின் மறுபக்கம். வைரத்தைச் சுற்றியுள்ள வெளிறுக்கு இந்தக் காவல் கிடையாது. எந்த மரமானாலும் வெளிறு சீக்கிரம் மக்கும். காழ், அதாவது வைரம், வெளியே இருப்பதைப் புல் வகையிலும் உள்ளே இருப்பதை மர வகையிலும் சேர்த்த தொல்காப்பிய மரபியல், பனையும் தென்னையும் ஏன் மரமல்ல என்பதற்குச் சொன்ன காரணமும் இந்த உள்வைரம்தான். தாவரவியல்காரர்கள் இன்றும் அதை மறுப்பதில்லை.

வைரம் பாய வயதாக வேண்டும். இளம் மரத்தில் பெரும் பகுதி வெளிறு. விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசனில் 1910 முதல் இயங்கும் வனப்பொருள் ஆய்வகத்தின் கையேடு, ஒரே இன மரத்தையே இரண்டாகப் பிரித்துச் சொல்கிறது: ஆதிக் காட்டு வெள்ளைப் பைனின் வைரம் மக்குவதை ஓரளவு எதிர்க்கும், மறுவளர்ச்சிப் பைனுக்கு அது குறைவு. ரெட்வுட்டிலும் இதே கதை. சான் பிரான்சிஸ்கோவின் பழைய விக்டோரிய வீடுகள் பெரும்பாலும் ரெட்வுட் உடுத்தியவை. அந்த ஆதி ரெட்வுட் காட்டில் இன்று மிஞ்சியிருப்பது நூற்றில் ஐந்து பங்குதான். இன்று ஒருவர் எவ்வளவு பணம் கொடுத்தாலும் அந்தத் தரத்து மரம் காட்டில் கிடைப்பது அரிது. வீட்டுச் சுவரில்தான் கிடைக்கும். காடு இடம் மாறி ஊருக்குள் வந்து நிற்கிறது என்றே சொல்லலாம்.

அந்தக் காட்டுக்காகச் சண்டையும் நடந்திருக்கிறது. 1691-இல் மாசசூசெட்ஸுக்கு லண்டன் கொடுத்த சாசனத்தில் ஒரு விதி: தனியாருக்கு ஏற்கெனவே வழங்காத நிலத்தில், தரையிலிருந்து ஓரடி உயரத்தில் 24 அங்குல விட்டத்துக்கு மேற்பட்ட மரமெல்லாம் அரசருக்கு. போர்க்கப்பல் பாய்மரக் கம்பத்துக்கு. அடையாளமாக மூன்று கோடாலி வெட்டில் ஓர் அம்புக்குறி போட்டுவிடுவார்கள். ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? 1772-இல் நியூ ஹாம்ஷயரின் வேர் என்ற ஊரில், அபராதம் வசூலிக்க வந்த ஷெரிஃபை இரவில் படுக்கையிலிருந்து எழுப்பி, அவர் கணக்குப்படி எத்தனை மரமோ அத்தனை அடி அவர் முதுகில் பிரம்பால் போட்டு அனுப்பினார்கள். பாஸ்டன் தேநீர்க் கலகத்துக்கு முந்திய ஆண்டில் நடந்த சம்பவம் இது.

மரத்தை அறுத்த விதமும் கவனிக்கத்தக்கது. நல்ல கிளாப்போர்டு, கட்டையைக் குறுக்கே வரிவரியாகச் சீவி எடுத்ததல்ல. உருட்டுக் கட்டையை இரு முனையிலும் பிடித்து நிறுத்தி, வெளியிலிருந்து நடுவை நோக்கி நீளவாக்கில் ரம்பத்தை இறக்குவார்கள். கட்டையைக் கொஞ்சம் திருப்பி மறுபடியும் இறக்குவார்கள். தர்ப்பூசணிக் கீற்றுபோல் பலகைகள் பிரியும். ஒரு விளிம்பு தடியாகவும் மறு விளிம்பு மெல்லியதாகவும் வருவது செதுக்கியதால் அல்ல, வெட்டின் இயல்பால். ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி அறைய அதுவே வசதி.

வசதி மட்டுமல்ல, அதில் ஒரு கணக்கும் உண்டு. மரம் ஈரம் ஏறினால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே அளவு அல்ல. பச்சை மரம் முழுவதும் உலரும்போது வெள்ளைப் பைன் வளையங்களை ஒட்டிய திசையில் 6.1 சதவீதம் சுருங்கும்; நடுவிலிருந்து வெளியே போகும் திசையில் 2.1 சதவீதம்தான், நீளத்தில் அநேகமாகச் சுருக்கமே இல்லை. கீற்றுப் பலகையின் அகலம் அந்த 2.1 திசையில் அமைகிறது. அதனால் அது நெளியாது, ஆணியைப் பிடுங்காது, பெயிண்டை வெடிக்க வைக்காது. பள்ளிக்கூடம் போகாத ஆலைக்காரர் ஒருவர் இதை எண்ணில் சொல்லியிருக்க மாட்டார். ரம்பத்தை எந்தப் பக்கம் வைப்பது என்று மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது.

இத்தனை நல்ல பலகை பிறகு ஏன் கெட்டது? பெரும்பாலும் வயதால் அல்ல, தண்ணீரால். அதுவும் அடிக்கிற மழையால் அல்ல, போக வழியில்லாமல் மாட்டிக்கொண்ட ஈரத்தால். மக்கவைக்கும் பூஞ்சைக்கு மரத்தின் எடையில் முப்பது சதவீத அளவுக்கு ஈரம் வேண்டும். இருபதுக்குக் கீழே வைத்தால் அது தலையெடுக்காது. நனைந்து நனைந்து காயும் பலகை பிழைத்துக்கொள்ளும். நனைந்தபடியே இருக்கும் பலகை போய்விடும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கதை 1930-களில் நடந்தது. அதுவரை அந்த வீடுகளின் சுவர்க் கூடு வெறுமையாக இருந்தது. குளிருக்கு அடக்கமாக அதற்குள் பஞ்சு போன்ற வெப்பக்காப்பை ஊதி நிரப்ப ஆரம்பித்தார்கள். விறகுச் செலவு குறைந்தது, வீடு கதகதப்பானது. அடுத்த சில குளிர்காலங்களில் வெளிப் பலகையின் பெயிண்ட் தோல் தோலாக உரிந்து விழுந்தது. வெப்பக்காப்பு விற்றவர் பெயிண்ட்டைக் குறை சொல்ல, பெயிண்டர் வெப்பக்காப்பைக் குறை சொல்ல, மேடிசன் ஆய்வகத்துக்காரர்கள் நடுவில் இறங்கினார்கள். நடந்தது என்னவென்றால், அதுவரை வீட்டிலிருந்து கசிந்து வீணாகிக்கொண்டிருந்த சூடுதான் பலகையை உள்ளிருந்து உலர்த்திக்கொண்டிருந்தது! சூட்டை அடைத்ததும் பலகை குளிர்ந்தது. குளிர்ந்த மரம் ஈரத்தை அதிகம் பிடித்து வைக்கும். போதாக்குறைக்குச் சமையல், குளியல், மூச்சு என்று வீட்டுக்குள் உண்டாகும் நீராவி வேறு சுவர் வழியே வெளியேறி, குளிர்ந்த பலகையின் முதுகில் வியர்த்தது. ஒரு நல்லது செய்யப்போய் எங்கேயோ வேலை செய்துகொண்டிருந்த விரயத்தை நிறுத்திவிட்டார்கள்.

இதற்கு மருந்து பலகைக்குப் பின்னால் கொஞ்சம் காற்று. 1963-இல் கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் குழுவைச் சேர்ந்த கிர்பி கார்டன் மழைக்கசிவு பற்றி எழுதிய சிறு வெளியீடு இன்றும் கட்டடக்காரர்களுக்குப் பாடம். மழைநீர் உள்ளே வர மூன்று வேண்டும்: தண்ணீர், ஒரு துளை, தண்ணீரைத் துளைக்குள் தள்ளும் விசை. தண்ணீரையும் துளையையும் முழுக்க ஒழிக்க முடியாது. விசையை ஒழிக்கலாம். பலகைக்கும் அதன் பின்னுள்ள காகிதத்துக்கும் நடுவே, செங்குத்தான மரப்பட்டிகளை அறைந்து, ஒரு விரல் நுழையும் இடைவெளி விட்டால், காற்றழுத்தம் முன்னும் பின்னும் ஏறக்குறையச் சமமாகிவிடும். துளை இருந்தாலும் தண்ணீர் உள்ளே தள்ளப்படாது. தப்பி வந்த துளி இடைவெளியில் வழிந்து அடியில் வெளியேறும். பலகைக்கு இரு பக்கமும் காற்று. இப்போது புதுச் சைடிங் போடுகிறவர் இந்த இடைவெளியை விடாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பது நல்லது. பலகை வரிசைகளின் கீழ் விளிம்பைப் பசை வைத்து 'அழகாக' அடைப்பவரையும்தான். அந்த விளிம்புதான் ஈரம் வெளியேறும் வாசல்.

பழம் பலகையைக் கழற்றுவதற்கு வருவோம். தட்டையான கடப்பாரையைப் பலகைக்கு அடியில் செருகி மெல்ல நெம்பி, பிறகு பலகையை மட்டும் திரும்ப அழுத்தினால் ஆணித்தலை துருத்திக்கொண்டு நிற்கும், குறடால் பிடுங்கலாம். பிடுங்கிய ஆணியை எறிய வேண்டாம். கொல்லன் அடித்த, தலை பூப்போல் மடிந்த நான்கு பக்க ஆணி என்றால் வீடு பெரும்பாலும் 1800-க்கு முந்தியது. தகட்டிலிருந்து இயந்திரம் வெட்டிய பட்டை ஆணி என்றால் அடுத்த நூறாண்டு. இன்று நாம் வாங்கும் உருண்டைக் கம்பி ஆணி என்றால் 1890-க்குப் பிறகு. பழைய ஜன்னல் இருந்த இடம், கழற்றிய தாழ்வாரம், எப்போதோ அங்கே கடை வைத்திருந்தவர் எழுதிய பெயர் எல்லாம் பெயிண்ட்டின் நிழலாகப் பலகையில் தெரியும்.

இங்கே இழைப்புளியை எடுக்க நீளும் கையைப் பிடித்து நிறுத்த வேண்டும். அந்தக் காலத்து வெள்ளைப் பெயிண்ட் என்பது ஆளிவிதை எண்ணெயில் குழைத்த காரீயச் சேர்மம். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் கைகால் விளங்காமல் வந்த குழந்தைகளைப் பார்த்த லாக்ஹார்ட் கிப்சன் என்ற கண் மருத்துவர், வீட்டு வராந்தாக் கம்பிகளில் உதிரும் பெயிண்ட் தூள்தான் காரணம் என்று 1904-இலேயே எழுதினார். குழந்தை கம்பியைப் பிடிக்கும், விரலைச் சப்பும். அமெரிக்கா வீட்டுப் பெயிண்ட்டில் காரீயத்தைத் தடை செய்தது 1978-இல். இந்தியாவில் 90 பிபிஎம் என்ற வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே 1978-க்கு முந்திய வீட்டின் பலகையை உலர்ந்தபடி தேய்ப்பதும், தீச்சுடரால் பெயிண்டைப் பொசுக்குவதும் கூடவே கூடாது; தூளும் புகையும் நேரே ரத்தத்துக்குப் போகும். 2010 முதல் அமெரிக்காவில் இந்த வேலைக்குக் காசு வாங்குகிறவர் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும்.

ஆனால் பலகைக்கு இரண்டு முகம் உண்டல்லவா! முதுகுப் பக்கத்துக்குப் பழைய தச்சர்கள் பெரும்பாலும் பெயிண்ட் அடிக்கவில்லை. முகத்தைச் சரிப்படுத்த முடியாத பலகையைத் திருப்பிப் போட்டு வேலை வாங்கலாம் என்று தோன்றும். வாங்கலாம்தான்; ஆனால் மறுபக்கத்துக் காரீயம் வீட்டுக்குள் வந்துவிடக் கூடாது என்பதால் அதை முறையாகக் களைந்த பின்தான். அதோடு கிளாப்போர்டு அரை அங்குலத் தடிமனில் தொடங்கி விளிம்பில் தேய்ந்து முடிவது. சட்டகம் கட்டலாம், பெட்டி செய்யலாம், கெட்டுப்போன அடுத்த வீட்டுப் பலகைக்கு ஒட்டுப் போடலாம். மேஜை செய்ய முடியாது. என் கணிப்பில் உண்மையான புதையல் அதற்கு அடியில் இருக்கிறது. பிளைவுட் பரவுவதற்கு முன் கட்டிய வீடுகளில், சைடிங்குக்கு அடியிலுள்ள அடுக்கும் முழு மரப்பலகைதான்: ஓர் அங்குலத் தடிமன், நல்ல அகலம், பெயிண்ட் படாதது, வெயிலே பார்க்காதது. அது நன்றாக இருந்தால் கழற்றவே கூடாது; வீட்டின் முதுகெலும்பு அது. வீட்டையே இடிக்கிறார்கள் என்றால் மட்டும் முதல் கண் அதன்மேல் போக வேண்டும்.

ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்து நகரம் இதைச் சட்டமாக்கியது. 1916-லோ அதற்கு முன்போ கட்டிய வீட்டை இயந்திரம் விட்டு நொறுக்கக் கூடாது, கையால் பிரித்தெடுக்க வேண்டும் என்று 2016-இல் விதி போட்டது. பிறகு அந்த ஆண்டு வரம்பை 1940-க்கு நீட்டியது. உலர்ந்த மரத்தில் பாதி எடை கார்பன். ஒரு கிலோ பலகையை எரித்தால் ஒன்றே முக்கால் கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு. மேஜையாக நின்றால் அது அங்கேயே நிற்கும்.

இதெல்லாம் நமக்குப் புதிதல்ல. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து பிரித்த பர்மாத் தேக்குத் தூண்களும் நிலைக் கதவுகளும் காரைக்குடிக் கடைகளில் இரண்டாம் வாழ்க்கைக்குக் காத்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சட்டம் வேடிக்கையாகக்கூட இருக்கும். இதை மரியாதையோடும் வரிசையோடும் செய்கிறவர்கள் ஜப்பானியர்கள். இசே ஆலயத்தை இருபது ஆண்டுக்கொரு முறை புதிதாகக் கட்டுவார்கள், கடைசியாக 2013-இல். பழைய சன்னிதியின் முகட்டைத் தாங்கிய பெருந்தூண்கள், இழைத்துச் சீராக்கப்பட்டு, கோவிலுக்குள் போகும் உஜி பாலத்தின் தோரண வாயிலாக இருபது ஆண்டு நிற்கும். அதன் பிறகு பழைய யாத்திரைப் பாதையில் உள்ள செக்கி, குவானா என்ற ஊர்களின் வாயிலாக இன்னொரு இருபது ஆண்டு.

பழைய மரத்துக்கு இன்னொரு வகை வாடிக்கையாளர்களும் இருக்கிறார்கள். ஏ. இ. டக்ளஸ் என்ற வானியலாளர், சூரியக் கரும்புள்ளிகளின் பதினோரு ஆண்டுச் சுழற்சி மர வளையங்களில் பதிந்திருக்குமா என்று தேடப்போய், 1929-இல் அரிசோனாவின் ஷோ லோ என்ற ஊரில் கிடைத்த கருகிய உத்தரம் ஒன்றின் வளையங்களால், பூர்வகுடிகளின் கல்மாளிகைகள் எந்த ஆண்டில் கட்டப்பட்டவை என்று சொல்லும் நிலைக்கு வந்தார். நியூயார்க்கின் லாமண்ட்-டோஹெர்ட்டி ஆய்வகத்தினர் இன்று இடிபடும் கிடங்குகளின் உத்தரங்களைத் தேடி அலைகிறார்கள். மன்ஹாட்டனில் 1891-இல் கட்டிய டெர்மினல் கிடங்கின் உத்தரங்கள் தென் மாநிலத்து நீளிலைப் பைன். ஒரு காலத்தில் 9 கோடி ஏக்கர் பரந்திருந்த அந்தக் காட்டில் 1990-களில் எஞ்சியிருந்தது சுமார் 30 லட்சம் ஏக்கர். எந்த ஆண்டு அங்கே வறட்சி, எந்த ஆண்டு நல்ல மழை என்பதைக் காட்டில் போய்க் கேட்க மரம் இல்லை. கிடங்கில் இருக்கிறது.

அவர்களுக்கு வேண்டியது உத்தரத்தின் வழுவழுப்பான நடுப்பகுதி அல்ல, அறுக்கும்போது தவறிப்போய் மரத்தின் வெளித்தோல் ஒட்டியபடி விட்டுப்போன ஒரு மூலை. கடைசி வளையம் அங்கேதான் இருக்கும். மரம் வெட்டுண்ட ஆண்டை அது ஒன்றுதான் சொல்லும். மேஜை செய்ய வாங்கிப் போகும் தச்சர் முதலில் சீவி எறிவதும் அந்த மூலையைத்தான்.